டயருக்குப் பெயர் கொடுத்த குதிரை டாக்டர்... டன்லப்பின் கதையும் உங்க பழைய மாருதி 800-க்கான டயர் கணக்கும்!

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போகிற ரோடு, பழைய சின்ன கார்களுக்கு ஒரு பரீட்சை. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் இறால் குட்டை, முகத்தில் அடிக்கிற உப்புக்காத்து, அங்கங்கே பெயர்ந்த தார். ஏரிக்கரைக் குப்பத்தில் ஒருத்தர் மாருதி 800 வைத்திருந்தால் அது அந்தஸ்துக்காக இருக்காது. ராத்திரி யாருக்காவது வலி வந்தா பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், விசேஷத்துக்கு நாலு பேரா ஏறிப் போகவும் இருக்கிற வண்டி அது. அந்த வண்டியின் டயர் வழுக்கையாகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். கடையில் 12 இன்ச் இருப்பு இல்லை, 13 இருக்கு, போட்டுக்கலாமா? கொஞ்சம் அகலமா போட்டா பள்ளத்துல தூக்கிப்போடாதே? செகண்ட்ஸ்ல ஒரு அலாய் வீல் செட் வருதாமே, வாங்கிடலாமா?

சக்கரத்துக்கும் டயருக்கும் வண்டிக்கும் நடுவில் வருகிற இந்தப் பொருத்தப் பிரச்னை, காத்தடைத்த டயர் பிறந்த அன்றைக்கே பிறந்துவிட்டது. அதை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர் ஒரு கால்நடை மருத்துவர். பெயர், ஜான் பாய்ட் டன்லப். ஆமாம், அம்பத்தூரில் ஃபேக்டரி வைத்திருந்த டன்லப்தான். கம்பெனிப் பெயராகவே காதில் விழுந்து பழகிவிட்டதால், அதற்குப் பின்னால் தாடி வைத்த, கூச்ச சுபாவமுள்ள ஒரு மனுஷர் இருந்தார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

குறைமாசத்தில் பிறந்த பிள்ளை

1840 பிப்ரவரி 5-ம் தேதி, ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் ட்ரெகார்ன் என்கிற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டன்லப். இரண்டு மாசம் முன்கூட்டியே பிறந்த குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அது அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. தனக்கு உடம்பு வலு போதாது என்று ஆயுசு முழுக்க நம்பினார். அலைச்சலைக் குறைத்துக்கொண்டார், உடம்பை வருத்துகிற வேலையிலிருந்து தள்ளியே இருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், 81 வயசு வரை அவருக்குப் பெரிசாக எந்த நோயும் வரவில்லை.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயசிலேயே தொழிலுக்கு வந்துவிட்டார். கிட்டத்தட்ட பத்து வருஷம் அங்கேயே வேலை. 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் ஊருக்கு வந்து, சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து வைத்தியசாலை நடத்தினார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தின் மே ஸ்ட்ரீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1880-களின் நடுவில் அயர்லாந்தின் பெரிய கால்நடை வைத்தியசாலைகளில் ஒன்று அவருடையது.

அந்தக் காலத்துக் கால்நடை டாக்டர் என்றால் முக்கால்வாசி குதிரை டாக்டர்தான். ஊரின் போக்குவரத்தே குதிரை மேல் நடந்தது. இன்றைக்குப் பெரிய வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரின் இடம் அன்றைக்கு டன்லப்புக்கு. கல் பாவிய தெருக்கள், நடுவில் ட்ராம் தண்டவாளம், இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள். ரப்பர் போட்ட சைக்கிள்கள் இருந்தன. ஆனால் அது உள்ளே காத்து இல்லாத கெட்டி ரப்பர். கல்லில் ஏறினால் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குத்தான்.

கொல்லைப்புறத்தில் ஒரு பரிசோதனை

டன்லப்பின் மகன் ஜானிக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் கல் தெருக்களில் அதை ஓட்டுவது பையனுக்குப் பெரும் பாடு. அப்பா யோசித்தார். இந்த இடத்தை நான் இரண்டு மூன்று புத்தகக் கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். டன்லப்பை ஏதோ திடீர் ஞானோதயம் வந்தவராகக் காட்டுவது எழுதுகிறவர்களுக்குப் பிடித்த பழக்கம். உண்மையில் அவர் செய்தது, ஒரு டாக்டர் செய்கிற மாதிரி நிதானமான ஒப்பீடு.

1887 அக்டோபரில் ஒரு மரவட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டிக் குழாயாக்கி, மரவட்டின் விளிம்பைச் சுற்றி வைத்தார். அதன் மேல் லினன் துணியைச் சுற்றி ஆணி அடித்து இறுக்கினார். ஃபுட்பாலுக்குக் காத்தடிக்கிற பம்ப்பால் உள்ளே காத்து ஏற்றினார். பிறகு கொல்லைப்புறத்தில், சைக்கிளில் இருந்த பழைய சக்கரத்தையும் இந்தப் புதுச் சக்கரத்தையும் தனித்தனியாக உருட்டிவிட்டார். பழையது பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் தள்ளாடி விழுந்தது. காத்தடைத்தது முற்றம் முழுக்க ஓடி, கேட் தூணில் மோதித் திரும்பியது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. குலுக்கல் குறையும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் ஆரம்பித்தார். கையில் கிடைத்ததோ வேகம். கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியை மேலே தூக்கிப்போட்டு, முன்னால் போகவேண்டிய சக்தியைத் தின்றுவிடும். காத்துள்ள டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு அதன் மேலேயே உருண்டு போய்விடும். இன்றைக்கு நம்ம 800-ன் டயர் பழவேற்காடு ரோட்டில் செய்கிற வேலையும் இதேதான். பள்ளத்தை முதலில் வாங்குவது ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ இல்லை. டயருக்குள் இருக்கிற காத்தும், அதைச் சுற்றியிருக்கிற பக்கச்சுவரும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, அலாய் வீல் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

1888-ன் தொடக்கத்தில் ஜானியின் சைக்கிளின் பின்சக்கரங்களுக்குக் காத்து டயர் ஏறியது. பையன் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த வருஷம் ஜூலையில் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பரில் கைக்கு வந்தது.

டயர் பெரிசானா வண்டியும் மாறணும்

இனிதான் நம்ம கதைக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள பகுதி. பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிளுக்குக் காத்து டயர் போடப் போனால், போடவே முடியவில்லை. கெட்டி டயர் விரல் தடிமன். காத்து டயரோ அதைவிடப் பல மடங்கு பருமன். சைக்கிளின் ஃபோர்க்குக்குள் நுழையவே இல்லை. பெல்ஃபாஸ்டில் சைக்கிள் செய்துகொண்டிருந்த எட்லின் என்கிற பட்டறைக்காரர்களிடம் சொல்லி, இந்த டயருக்காகவே அகலமான ஃபோர்க் வைத்துத் தனியாக ஃபிரேம் செய்ய வேண்டியதாயிற்று. டயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தவர், கடைசியில் வண்டியையே மாற்றினார்.

இப்போ 800-க்கு வருவோம். பெரும்பாலான மாருதி 800-களின் டயர் பக்கச்சுவரில் 145/70 ஆர்12 என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவிகிதம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 101.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு தடவை சேர்த்தால் 203. அதோடு ரிம்மின் 305-ஐக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 508 மி.மீ.

கடைக்காரர் 145/70 ஆர்13 நீட்டுகிறார் என்று வையுங்கள். ரிம்மும் மாற்றித்தான் ஆகணும். அது தனிச் செலவு. உயரம் 533 ஆகிவிடும். 25 மி.மீ தானே என்று தோன்றும். ஆனால் அது 5 சதவிகிதம். டயர் மாற்றும்போது மொத்த உயரம் 3 சதவிகிதத்துக்குள்தான் கூடவோ குறையவோ வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் பின்பற்றுகிற வரம்பு. 5 சதவிகிதம் கூடினால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நீங்க 63-ல் போய்க்கொண்டிருப்பீங்க. 796 சிசி இன்ஜின், நாலு பேரோடு பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். அது முன்னாடி செகண்ட் கியரில் செய்த வேலைக்கு இப்போ ஃபர்ஸ்ட் தேடும். முழுசா ஸ்டியரிங் ஒடித்தால் டயர் உள்பக்க மட்கார்டில் உரசும். ஆளேற்றிப் பள்ளத்தில் இறங்கினால் மேல்பக்கம் உரசும். எட்லின் பட்டறைக்காரர்கள் ஃபோர்க்கை அகலமாக்கிய மாதிரி நம்மால் மட்கார்டை அகலமாக்க முடியாது.

ஆனால், கார் கம்பெனியே அப்படிச் செய்த ஒரு கதை இருக்கிறது. 1959-ல் பிரிட்டனில் மினி கார் வந்தபோது, உள்ளே இடத்தை மிச்சப்படுத்துவதற்காக 10 இன்ச் சக்கரம் வைத்தார்கள். அவ்வளவு சின்ன டயரை அந்தக் காருக்காகவே செய்துகொடுத்தது டன்லப் கம்பெனி. கால் நூற்றாண்டு கழித்து, 1984-ல், முன்பக்கம் பெரிய டிஸ்க் பிரேக் வைப்பதற்காக 12 இன்ச்சுக்கு மாறினார்கள். அளவு எது தெரியுமா? நம்ம 800-ன் அதே 145/70, 12 இன்ச். காரைச் செய்தவர்களே அந்த இரண்டு இன்ச்சை ஏற்றியபோது, சக்கரத்துக்கு மேலே பிளாஸ்டிக் வளைவு வைத்து மட்கார்டை நீட்டினார்கள். பஞ்சர் கடையில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை இது.

ஜெயித்த ரேஸும் தோற்ற காப்புரிமையும்

டன்லப்பிடம் திரும்புவோம். 1889 மே 18. பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் காலேஜ் மைதானத்தில் சைக்கிள் ரேஸ். வில்லி ஹியூம் என்கிற வீரர் தடித்த டயர் போட்ட சைக்கிளோடு வந்து நின்றார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. ரேஸ் முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் அவரே முதல். ஹியூம் பெரிய நட்சத்திரம் எல்லாம் கிடையாது. அதனால்தான் அந்த வெற்றிக்கு அவ்வளவு மதிப்பு; ஜெயித்தது கால் இல்லை, டயர் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அவரிடம் தோற்றவர்களில் டு க்ராஸ் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா ஹார்வி டு க்ராஸ், டப்ளின் வியாபாரி. மகன்கள் தோற்றதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராமல், ஜெயித்த டயரைத் தேடி வந்தார். அந்த வருஷமே டப்ளினில் கம்பெனி ஆரம்பித்தது. டன்லப் தன் காப்புரிமையைக் கொடுத்துவிட்டுப் பங்குகளை வாங்கிக்கொண்டார்.

அடி விழுந்தது அதற்குப் பிறகு. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று தகவல் வந்தது. காரணம், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். ராபர்ட் வில்லியம் தாம்சன், 23 வயசில், 1845-லேயே காத்தடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். லண்டன் பூங்காவில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். ஒரு செட் டயர் 1,200 மைல் தாங்கியது. ஆனால் அன்றைக்கு சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. ரப்பர் விலையும் கட்டுப்படியாகவில்லை. உலகம் அதை மறந்தேவிட்டது. தாம்சன் 1873-ல் இறந்தும் போனார். டன்லப்புக்கு இவர் விஷயமே தெரியாது. தானாக யோசித்துத்தான் செய்தார். இருந்தாலும் சட்டத்துக்கு, முதலில் யார் என்பதுதான் கணக்கு.

இந்த இடத்தில் கம்பெனி படுத்திருக்க வேண்டும். படுக்காததற்குக் காரணம், டு க்ராஸின் கெட்டிக்காரத்தனமும், இன்றைக்கும் உங்கள் காரில் இருக்கிற ஒரு இரும்புக் கம்பியும்.

12-க்கு 12 மட்டும்தான் ஏன்?

டன்லப் செய்த டயரில் பெரிய குறை ஒன்று இருந்தது. அதைக் கழற்ற முடியாது. டயரின் துணியை ரிம்மைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் உரித்து, ஒட்டி, மறுபடி சுற்ற வேண்டும். அதனால் டயர் அளவு என்கிற கேள்வியே அப்போது கிடையாது. சக்கரத்தின் மேலேயே டயரை உருவாக்கினார்கள்.

1890-ல் சார்லஸ் வெல்ச் என்பவர், டயரின் இரண்டு ஓரத்திலும் நீளாத கம்பி வளையத்தை வைத்தார். ரிம்முக்கு நடுவில் ஒரு பள்ளம் வைத்தார். டயரின் ஓரத்தை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறக்கினால், எதிர்ப்பக்கம் ரிம்மின் விளிம்பைத் தாண்டி உள்ளே நழுவும். காத்தடித்ததும் கம்பி வளையம் மேலேறி ரிம்மின் உட்கார்விடத்தில் இறுகிக்கொள்ளும். அதே வருஷம் பார்ட்லெட் என்பவர் வேறொரு முறையில், ரிம்மின் வளைந்த விளிம்பில் டயரைக் கவ்வவைக்கிற ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். டு க்ராஸ் இரண்டு காப்புரிமைகளையும் வாங்கிப்போட்டார். கம்பெனி பிழைத்தது. தன் பெயரில் இருந்த கண்டுபிடிப்பு செல்லாமல் போய், அடுத்தவர்கள் கண்டுபிடிப்பில் தன் பெயர் ஓடுவதை டன்லப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சர் கடையில் டயர் மாட்டும்போது நின்று பாருங்க. வெல்ச் 130 வருஷத்துக்கு மேலே முன்னால் சொன்னபடிதான் இன்றைக்கும் நடக்கும். லீவரால் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் அமுக்கி, மறுபக்கத்தை ஏற்றுவார்கள். அந்தக் கம்பி நீளாது. அதனால்தான் 12 இன்ச் டயர் 12 இன்ச் ரிம்மில் மட்டும் உட்காரும். கிட்டத்தட்ட சரியாக இருக்கு என்கிற பேச்சே இதில் கிடையாது. அகலத்தில் கொஞ்சம் இடம் உண்டு, விட்டத்தில் இல்லை. அகலத்திலும் ஒல்லி ரிம்மில் ரொம்பத் தடித்த டயரைத் திணித்தால், டயர் பலூன் மாதிரி உப்பி, வளைவில் வண்டி ஆடும், நடுப்பகுதி மட்டும் தேயும்.

ஏரிக்கரைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். அந்தக் கம்பி வளையம் உட்காருகிற இடம் ரிம்மின் உள்விளிம்பு. உப்புக்காத்தில் முதலில் துருப்பிடித்து செதில் செதிலாக எழும்புவது அந்த இரும்பு விளிம்புதான். டியூப்லெஸ் டயராக இருந்தால், பஞ்சரே இல்லாமல் வாரத்துக்கு ஒரு தடவை காத்து இறங்கும். புது டயரின் மேல் பழி விழும். டயர் மாற்றுகிற அன்றைக்கே ரிம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்து எடுத்து, ப்ரைமர் பெயின்ட் அடித்துவிட்டு மாட்டச் சொல்லுங்க. உள்விளிம்பு அரித்துப் பல் பல்லாகப் போயிருந்தால், அதே அளவு இரும்பு ரிம்மைத் தேடி வாங்குவதுதான் நல்லது. புது டயரை அந்த ரிம்மில் போடுவது, ஓட்டை வலையில் புது மிதப்புக் கட்டுகிற கதை.

அலாய் வீலா? 13 இன்ச் அலாய் போட்டு, டயரின் மொத்த உயரமும் மாறாமல் இருக்கணும் என்றால், 165/55 மாதிரி பக்கச்சுவர் குட்டையான டயர் வேண்டும். உயரம் 512 மி.மீ, கணக்குப்படி சரி. ஆனால் அந்த அளவைக் கடை கடையாகத் தேடணும். கிடைத்தாலும் பக்கச்சுவர் 91 மி.மீ தான், பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. டன்லப் முற்றத்தில் உருட்டிக் கண்டுபிடித்த அந்தக் காத்து மெத்தையை நாமே மெலிசாக்கிக்கொள்கிறோம். பெயர்ந்த ரோட்டில் அடுத்த அடி ரிம்மின் மேல். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம்; அலாய் கீறல் விட்டால் அவ்வளவுதான். போதாக்குறைக்கு நட்டுத்துளைகளின் வட்டம் உங்கள் காருக்குப் பொருந்தணும். மெக்கானிக் இதைத்தான் பிசிடி என்பார். சக்கரம் வெளியே எவ்வளவு துருத்துகிறது என்கிற ஆஃப்செட்டும் சரியாக இருக்கணும். அது மாறினால் வீல் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும்.

என் கணிப்பு, 800-க்கு கம்பெனி கொடுத்த அளவை விட்டு நகராதீங்க. ஒரு கடையில் இல்லையென்றால், பொன்னேரி இல்லாவிட்டால் சென்னை. சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். அதற்காக ரெண்டு நாள் காத்திருக்கலாம். வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற எடைக் குறியீட்டையும் பாருங்க. 69 என்று இருந்தால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும். அதற்குக் குறைந்த எண் வேண்டாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. சுலபமாக விற்காத அளவு என்பதால், கடை மூலையில் பல வருஷமாகத் தூங்கிய டயர் உங்கள் தலையில் கட்டப்படலாம். ரப்பர் ஓடாமலே கெட்டிப்படும்.

பத்மினியும் அம்பாசடரும் வைத்திருக்கிறவர்கள் பாடு வேறு. 5.20-14, 5.90-15 என்று இன்ச்சிலேயே அகலம் எழுதிய பழைய டயர்கள் அவை. ரேடியலுக்கு முந்தின வகை. மாற்றாக ரேடியல் போடுவதானால் நாலு சக்கரத்துக்கும் போடுங்க. ஒரே அச்சில் ஒரு பக்கம் பழைய வகை, மறுபக்கம் ரேடியல் என்று கலந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டெப்னியையும் அதே வகையில் வைத்துக்கொள்ளணும். நாம் தமிழ் வார்த்தை மாதிரியே சொல்கிற இந்த ஸ்டெப்னி, 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயர். தெருவின் பெயர் பழவேற்காடு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்கை முடித்துக்கொண்ட மனிதர்

1890-களில் டன்லப் வைத்தியத்தை விட்டுவிட்டு டப்ளினுக்கே வந்துவிட்டார். கம்பெனி வளர வளர அவருக்கும் டு க்ராஸ் கூட்டத்துக்கும் ஒட்டவில்லை. 1895-ல் விலகினார். அடுத்த வருஷம் டெரா ஹூலி என்கிற முதலீட்டு வியாபாரி அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சத்துக்குப் பங்குச் சந்தையில் இறக்கினார். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. டன்லப்புக்கு வசதியான வாழ்க்கை இருந்தது. ஆனால் அவர் பெயரை வைத்து மற்றவர்கள் பார்த்த பணத்துக்குப் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. பிறகு டப்ளினில் ஒரு ஜவுளிக்கடையில் பங்கு வைத்து, அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். டயர் உலகம் காருக்கும் லாரிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, டயர் டன்லப் துணி வியாபாரத்தில்.

அவர் விலகிய அதே 1895-ல், பிரான்ஸின் மிஷ்லின் சகோதரர்கள் முதன்முறையாக ஒரு காரில் காத்து டயர் மாட்டிப் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்புகிற ரேஸில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஜெயிக்கவில்லை. ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில், 1946-ல், நம்ம டயரில் ஆர் என்று எழுதவைக்கிற ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கியதும் மிஷ்லின் கம்பெனிதான்.

டன்லப்பின் பெயர் மட்டும் அவரை விட்டுப் பிரிந்து ஊர் ஊராகப் போனது. 1936-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டம் சாகாகஞ்சில் ஃபேக்டரி. 1959-ல் சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூர். காருக்கும் பஸ்ஸுக்கும் மட்டுமில்லை, மாட்டு வண்டிக்கும் டயர் வந்தது. மரச்சக்கரமும் இரும்புப் பட்டையும் போய், கிராமத்தில் டயர் வண்டி என்று ஒரு தனிச் சொல்லே உருவானது. மாட்டின் கழுத்தில் அழுத்துகிற பாரமும் இழுவையும் குறைந்தன. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த திருப்பம் இதுதான். கால்நடை டாக்டர் ஒருத்தர் பையனின் சைக்கிளுக்காகச் செய்த சாமான், கடைசியில் கால்நடைக்கே வந்து சேர்ந்தது.

1921 அக்டோபரில் டன்லப்புக்கு ஜலதோஷம் மாதிரி ஆரம்பித்தது. ஆயுசெல்லாம் எந்த உடம்பை நம்பாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாரோ, அது 23-ம் தேதி, டப்ளின் பால்ஸ்பிரிட்ஜில் இருந்த வீட்டில், யாரும் எதிர்பார்க்காமல் அடங்கிவிட்டது. டீன்ஸ் கிரேஞ்ச் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். டயரால் பெரிய பணம் பார்க்காத அந்த மனிதரின் முகத்தை, 1990-களில் பெல்ஃபாஸ்டின் நார்தர்ன் பேங்க் தன் 10 பவுண்டு நோட்டில் அச்சடித்தது.